காட்போட் சுவரும் அரைப் போத்தல் பாலும்

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் ஒரு கூட்டம். ஓய்வு பெற்றவர்களையும் மரியாதைக்குக் கூப்பிட்டு முன்வரிசையில் இருத்தியிருந்தார்கள். இளம் பொறியியலாளர் ஒருத்தி திரையில் படம் படமாகக் காட்டி, எறிகிற காட்போட் மட்டையில் சுவர் கட்டலாம், உலகம் அந்தப் பக்கம்தான் போகிறது, நாங்களும் இனி யோசிக்க வேண்டும் என்று பேசினாள். நல்ல பேச்சு. நான் சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. தேநீர் குடிக்கும்போது நேரே என்னிடம் வந்துவிட்டாள்.

"அங்கிள், ஏன் சிரிச்சனீங்கள்? பிழையா ஏதும் சொல்லிப்போட்டனோ?"

"இல்லைப் பிள்ளை. நீர் சொன்னது முழுக்கச் சரி. நெருப்பைப் பற்றித்தான் ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ."

வாயால் சொன்னால் எனக்குச் சாதகமாகச் சொல்லிவிடுவேன். ஐம்பத்தெட்டு வயதில் அந்தப் பழக்கத்தை விட முடியாது. அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். எழுதும்போது பொய் சொல்வது கஷ்டம், கை வலிக்கும்.

என் படிப்புக்கு இரண்டு வரி போதும். தொழில்நுட்பக் கல்லூரியில் மூன்று வருடம் கொங்கிறீற் படித்தேன். எந்த விகிதத்தில் கலப்பது, எத்தனை நாள் ஈரம் காய விடாமல் வைப்பது, எல்லாம் தலைகீழாகப் பாடம். படிப்பு முடிந்த கையோடு சண்டை மூண்டு, குடாநாட்டுக்குச் சீமெந்து வருவது நின்றது. அரசாங்கம் தடை செய்த பொருட்களின் பட்டியலில் என் முழுப் படிப்பும் இருந்தது. வடக்கே சீமெந்து ஆலை மூடிக் கிடந்தது. அதைச் சுற்றியிருந்த ஊர்ச்சனம் முழுக்க எழும்பி, வலிகாமத்துப் பள்ளிக்கூடங்களில் வந்து குந்தியிருந்தது. அது தொண்ணூறாம் ஆண்டு. அடுத்த வருடம் ஒரு சிறிய புனர்வாழ்வுச் சங்கத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பதவியின் பெயர் தொழில்நுட்ப உத்தியோகத்தர். தொழில்நுட்பம் என்றால், ஒரு சைக்கிள், ஒரு அளவு நாடா.

எங்கள் பெரியவர் தில்லையம்பலம் சேர். அரசாங்கத்தில் பாலங்கள் கட்டி ஓய்வு பெற்று, சும்மா இருக்க முடியாமல் சங்கத்துக்கு வந்தவர். ஒரு நாளைக்குப் பத்து வசனம் பேசினால் அதிகம். ஒரு சுவரைப் பார்த்தால் கண்ணால் பார்ப்பதோடு விடமாட்டார், உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்பார். வேலை முடிந்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை. "எத்தினை தரம் பாத்தனீர்?" என்றுதான் கேட்பார். ஒன்று பிடிக்கவில்லை என்றால் "நல்லது, ஐசே" என்பார். என்னை அவர் கூப்பிடுவது 'ஐசே' என்றுதான். அந்த 'நல்லது' வந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

எங்களுக்கு வந்த வேலை இதுதான். ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தொன்பது குடும்பங்கள் இருந்தன. பிள்ளைகளுக்குப் படிப்பு இல்லை, பள்ளிக்கூடத்தைத் திரும்பத் தர வேண்டும். பக்கத்தில் ஒருவர் தன் பனங்காணியை இருப்பதற்குக் கொடுத்தார். கூரைக்குப் பனையோலை இருந்தது, மரம் இருந்தது. சுவருக்குத்தான் ஒன்றும் இல்லை. தென்னோலை பின்னிய கிடுகு வேலி அடைத்துக் கொடுக்கலாம் என்று சொல்லத்தான் நான் போனேன். அங்கே இராசமணி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

கீரிமலைப் பக்கத்துக்காரி. மனுசன், மூன்று குமர்ப்பிள்ளைகள். வகுப்பறையில் அவருக்குக் கிடைத்தது கரும்பலகைக்குக் கீழே ஒரு மூலை. சுற்றிவர நான்கு குடும்பம்.

"தம்பி, கிடுகுக்குள்ளாலை கண் தெரியும்," என்றார். "எனக்கு வீடு வேண்டாம். ஒரு சுவர் தாரும். என்ரை பிள்ளையள் உடுப்பு மாத்தேக்கை நான் துணி பிடிச்சுக்கொண்டு நிண்டு நிண்டு கை மரத்துப்போச்சு. ஒரு வருசமா நாங்கள் அஞ்சு பேரும் காதுக்குள்ளைதான் கதைக்கிறம்."

நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரிப்பு மூட்டுகிறவன். அன்றைக்கு அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். திரும்பிப் போய் சேரிடம் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே நிவாரணப் பொருட்கள் வந்த காட்போட் பெட்டிகள் கூரை உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. பால்மாப் பெட்டி, பிஸ்கற் பெட்டி, சோப் பெட்டி.

"சுண்ணாம்புச் சூளை இன்னும் எரியுதோ, ஐசே?"

"ஓம் சேர்."

"அப்ப சுவர் இருக்கு."

இனிச் செய்முறை. பிள்ளை, நீர் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும், ஏனென்றால் இதில்தான் நான் கெட்டிக்காரன்.

பெட்டிகளில் ஒட்டியிருக்கும் நாடாவையும் கம்பி ஊசியையும் முதலில் ஒன்றுவிடாமல் பிடுங்க வேண்டும். ஒரு ஊசி தப்பினால் மிதிக்கிறவன் காலில் ஏறும். மிதித்தவன் நான், அதனால் எனக்குத் தெரியும். பிறகு மட்டையைக் கிழித்து மூன்று நாள் தண்ணீர்த் தொட்டிக்குள் ஊற விடுவோம். நனைய விடாதே என்று குடைப்படம் போட்ட பெட்டிகளைத்தான் தொட்டிக்குள் தாட்டோம். ஊறியதை மிதித்துக் கூழாக்கி, சாக்கில் போட்டுப் பிழிந்து, மூன்று ஓலைக்கடகம் கூழுக்கு ஒரு கடகம் நீற்றின சுண்ணாம்பு, ஒரு கடகம் அரித்த செம்மண். கறையானுக்கு வேப்பங்கொட்டை அவித்த தண்ணீர். இதை மரப்பெட்டி அச்சில் அடைத்து, மூடி போட்டு, மூடிக்குமேல் ஒரு ஆள் ஏறி நிற்க வேண்டும். எங்கள் மேசன் சின்னராசா அண்ணை என்னைத்தான் ஏற்றினார்.

"உம்மடை படிப்பு இப்பதான் பாரமா இருக்கு," என்றார்.

முதல் கல் காய்ந்து பப்படம்போல் வளைந்தது. இரண்டாவது வெடித்தது. தினமும் புரட்டிப் புரட்டி நிழலில் ஐந்து நாள், வெயிலில் பத்து நாள் என்று காய வைக்கப் பழகியபோது, செங்கல்லைவிடப் பாரம் குறைந்த, ஆணி அடித்தால் வெடிக்காத, நிறம் மட்டும் பழைய பனம்பழப் பினாட்டைப்போல் இருக்கும் ஒரு கல் கையில் வந்தது. நிலத்திலிருந்து இரண்டு அடிக்கு, காணியில் அகப்பட்ட கொஞ்சம் சுண்ணாம்பு வெள்ளைக்கல்லைக் கட்டி, அதற்குமேல் இந்தக் கல்லை அடுக்கி, இரண்டு பக்கமும் சுண்ணாம்பு பூசினால் அது மட்டை என்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

சேர் எல்லாவற்றுக்கும் சோதனை கேட்டார். பாரச் சோதனை, நான்கு பேர் ஏறி நின்றோம். தண்ணீர்ச் சோதனை, கிணற்றடியில் ஒரு கிழமை வைத்தோம். நெருப்புச் சோதனையை என்னிடம் விட்டார்.

இங்கேதான் நான் கையைக் கவனமாகப் பிடித்து எழுத வேண்டும்.

நான் ஒரு கல்லை எடுத்து, ஒரு நெருப்புக்குச்சியைத் தட்டி அதன்மேல் பிடித்தேன். குச்சி எரிந்து அணைந்தது, கல்லில் ஒரு கறுப்புப் பொட்டு. இன்னொரு குச்சி. இன்னொரு பொட்டு. மூன்றாவது குச்சியோடு நிறுத்தினேன். சனம் ஒரு குச்சியை பிளேட்டால் இரண்டாகப் பிளந்து பாவித்த காலம், மூன்று முழுக்குச்சி என்பது எனக்குப் பெரிய ஆராய்ச்சியாகவே பட்டது.

"எத்தினை தரம் பாத்தனீர்?" என்று கேட்டார் சேர்.

"மூண்டு தரம் சேர்."

பொய் இல்லை. அவர் பதிவேட்டில் 'நெருப்பு: மூன்று தரம்' என்று தன் அழகான எழுத்தில் எழுதினார். எழுதியும் அவருக்கு மனம் ஆறவில்லைப் போல, வரைபடத்தில் குசினியை வீட்டுக்கு வெளியே, தனிக் கொட்டிலாகப் போட்டார்.

முதல் வீடு இராசமணி அக்காவுக்கு. ஒரு அறை, ஒரு விறாந்தை. மற்ற இருபத்தெட்டுக் குடும்பமும் அந்த வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் போய் இருந்தால் எல்லாரும் போவார்கள். அவர் வேண்டாம் என்றால் எல்லாருக்கும் கிடுகுதான். பார்க்க வந்த ஒருவர், "தம்பி, மட்டை எல்லோ, நெருப்புப் பிடிச்சால்?" என்று கேட்டார். எனக்குப் பயம் வந்தால் கால் ஓடாது, வாய்தான் ஓடும். "அண்ணை, இதுக்குக் கொள்ளி வைச்சாலும் எரியாது" என்றேன்.

குடிபூராத புதுவீட்டு வாசலில் நின்று கொள்ளி என்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எல்லாரும் கலைந்து போய்விட்டார்கள். இராசமணி அக்கா மட்டும், "நல்ல வாய் உமக்கு" என்றார்.

குடிபூரலுக்கு நாள் பார்த்து, காலை பத்து மணிக்குள் நேரம் வைத்திருந்தார்கள். நானும் சேரும் சைக்கிளில் போனோம். வழியில் சேர் ஒரே ஒரு வசனம் பேசினார்.

"பால் எங்கை காய்ச்சுகினம்?"

"குசினியிலைதான் சேர். வேறை எங்கை?"

நான் கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. குசினியை வெளியே கட்டிக் கொடுத்தால் அடுப்பும் வெளியேதான் இருக்கும் என்பது என் கணக்கு. வாசலில் கால் வைத்தபோது அறைக்குள், சுவரோடு ஒட்டி, மூன்று கல் வைத்துக் கோலம் போட்டு, புதுப்பானை ஏற்றியிருந்தது. கற்பூரம் கொளுத்தியாகிவிட்டது.

"அக்கா, அக்கா, வெளியிலை குசினி இருக்கு," என்றேன்.

"இருக்கட்டும். பால் வீட்டுக்குள்ளை பொங்கவேணும். வெளியிலை பொங்கினால் உது வீடில்லை, கொட்டில்."

"நெருப்பு, அக்கா..."

"கொள்ளி வைச்சாலும் எரியாதெண்டு நீர்தானே சொன்னனீர்?"

சேர் என்னைப் பார்த்தார். நல்லவேளை, 'நல்லது' வரவில்லை. வந்திருந்தால் நான் அந்த இடத்திலேயே பொங்கியிருப்பேன். "மூண்டு தரம் பாத்ததுதானே, ஐசே," என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

நான் பக்தியோடு அடுப்பங்கரையில் போய்க் குந்தினேன். எல்லாரும் என்னை நல்ல சைவப் பிள்ளை என்று நினைத்திருப்பார்கள். என் கைக்குள் நனைத்த சாக்கு ஒன்று இருந்தது. சின்னராசா அண்ணையிடம் வாளிகளை நிரப்பச் சொல்லிக் கண்ணால் காட்டினேன். அவர் திருநீறு கேட்கிறேன் என்று நினைத்துத் தட்டத்தை நீட்டினார்.

பால் பொங்கவே இல்லை. பிறகுதான் தெரிந்தது, அதுவே அரைப் போத்தல் பால்தானாம். ஊரில் பால் கிடையாது. கிடைத்ததிலும் பாதியை, வருகிறவர்களுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டாமா என்று முதல்நாளே அக்கா உறையவைத்து, தண்ணீர் விட்டுப் பெருக்கி மோராக்கிவிட்டார். மீதிக்குத் தண்ணீர் சேர்த்துப் பானையை நிரப்பியிருந்தார்கள். தண்ணீர்ப் பால் கொதிக்கும், லேசில் பொங்காது. நேரம் போய்க்கொண்டிருந்தது. "பன்னாடை போடு, பன்னாடை போடு" என்று யாரோ சொல்ல, அக்காவின் மனுசன் பனையின் பன்னாடையை அள்ளி அடுப்புக்குள் திணித்தார். குப்பென்று சுவாலை எழும்பிச் சுவரை நக்கியது. ஒருமுறை அல்ல, ஐந்தாறு முறை. நான் கீரிமலைச் சிவனையும், என் பாட்டன் மிஷன் பள்ளிக்கூடத்தில் கும்பிட்ட யேசுவையும், கையில் அகப்பட்ட எல்லாரையும் கூப்பிட்டேன். கடைசியில் கிழக்குப் பக்கமாக ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, பானை விளிம்பால் வழிந்தது. பெண்கள் குரவை போட்டார்கள். சுவர் கறுத்திருந்தது, எரியவில்லை.

எனக்கு உயிர் திரும்பி வந்தது மட்டுமல்ல, கூடவே கொழுப்பும் வந்தது. விறாந்தையில் நின்று இருபத்தெட்டுக் குடும்பத்துக்கும் பிரசங்கம் வைத்தேன். சுண்ணாம்பின் குணம் என்றேன், விஞ்ஞானம் என்றேன், வெளிநாட்டுக்காரன் இதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றேன். சனம் தலையாட்டியது. இரண்டொருவர் தங்கள் வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் என்றுகூடக் கேட்டுவிட்டார்கள்.

அடுப்பை அணைத்து அரைமணி ஆகியிருக்கும். சேர் வழக்கம்போல் சுவரெல்லாம் உள்ளங்கை வைத்துக்கொண்டு வந்தவர், அடுப்பிருந்த மூலையில் நின்றார். கையை எடுத்தார். திரும்பவும் வைத்தார்.

"ஐசே, இஞ்சை வாரும். கையை வையும்."

வைத்தேன். சுட்டது.

"அடுப்புச் சூடு சேர், ஆறிப்போம்."

"ஆறேல்லை. ஏறுது."

பூச்சு இணைப்பில் இருந்து நூல்போல் ஒரு புகை. அதைக் கண்டதும் நான் செய்ததை விளக்க என்னிடம் விஞ்ஞானம் இல்லை. கைக்கு முதலில் அகப்பட்ட வாளியைத் தூக்கிச் சுவரில் வீசினேன். சுண்ணாம்புப் பூச்சு தண்ணீரை உள்ளே விடாது என்று சோதித்தவனும் நானே. எல்லாம் வழிந்து நிலத்துக்கு வந்தது. அது தண்ணீர் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சுவரும் வெள்ளை, மோரும் வெள்ளை. ஒட்டியிருந்த கறிவேப்பிலைதான் காட்டிக்கொடுத்தது.

சேர் என்னைத் திட்டவில்லை. பையிலிருந்து பென்சிலை எடுத்துச் சுவரில் ஒரு சதுரம் கீறினார். "சின்னராசா, இதை வெட்டி எடும். பக்கத்துக் கல்லை ஆட்டாதையும்." சின்னராசா அண்ணை உளியை வைத்து மெதுவாகத் தட்டி, இரண்டு கல்லை முழுசாக வெளியே எடுத்தார். கல்லின் நடுவில் சுவாலை இல்லை. பீடி நுனிபோல் ஒரு சிவப்பு, ஊர்ந்துகொண்டிருந்தது. ஊதினால் கண் திறந்தது.

"சுண்ணாம்பு சுவாலையை நிப்பாட்டும்," என்றார் சேர். "கனலை நிப்பாட்டாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "நெருப்புச் சோதனை எதாலை செய்தனீர்?"

"குச்சியாலை, சேர்."

"எத்தினை குச்சி?"

"மூண்டு."

"நல்லது, ஐசே."

சனம் இன்னும் விறாந்தையில்தான் நின்றது. உள்ளே நாங்கள் மூவரும், அக்காவின் மனுசனும் மட்டும். நான் சேரின் காதுக்குள், "சேர், பூசிவிடுவம். குசினிதான் வெளியிலை இருக்கே, இனி ஆர் உள்ளுக்கை மூட்டப்போகினம்" என்றேன். அது என் பயம் சொன்ன யோசனை. என் பயத்துக்கு எப்போதும் நல்ல யோசனைகள் வரும்.

சேர் அந்தக் கல்லை அப்படியே ஒரு தட்டத்தில் வைத்து, இராசமணி அக்காவைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இதைப் பாரும். இது எரியும். சுவாலையா எரியாது, உள்ளுக்குள்ளை கனண்டு கனண்டு மெதுவாப் போகும். கண்ணுக்குத் தெரியாது. இந்தப் பெடியன் சரியாச் சோதிக்கேல்லை. எப்பிடிச் சோதிச்சனீர் எண்டு நானும் கேக்கேல்லை, ரண்டுபேற்றை பிழையும்தான். வேண்டாமெண்டால் சொல்லும், கிடுகு அடைச்சுத் தாறம். வெளியிலை நிக்கிறவைக்கும் நானே சொல்லுறன்."

அக்கா கல்லைப் பார்த்தார். சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். வெளியே ஒரு பனையும் ஒரு துண்டு வானமும் தெரிந்தன.

"மெதுவா எண்டால் எவ்வளவு மெதுவா, ஐயா?"

"ஒரு கல்லிலை இருந்து மற்றக் கல்லுக்குப் போக ஒரு மணித்தியாலமாவது செல்லும்."

அவர் கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தார்.

"நாங்கள் ஊரிலை இருந்து வெளிக்கிடேக்கை ஆரும் எங்களுக்கு ஒரு மணித்தியாலம் தரேல்லை," என்றார். "இனி உள்ளுக்கை அடுப்பு மூட்டமாட்டன். விளக்கையும் கல்லிலைதான் வைப்பன். உந்த ஓட்டையை அடைச்சுத் தாங்கோ."

சேர் விறாந்தைக்குப் போய் எல்லாருக்கும் கல்லைக் காட்டி அதையே திரும்பச் சொன்னார். ஆறு குடும்பங்கள் கிடுகு போதும் என்றன. மற்றவர்கள் வந்தார்கள். அடுத்த வீடுகளில் கிழக்கு மூலையைக் கூரைவரை வெள்ளைக்கல்லிலேயே கட்டினோம், பால் காய்ச்சுவதற்கென்று. மட்டைக் கல்லுக்கு நான் நெருப்புச் சோதனையை அடுப்புக்குள் வைத்து, இரவல் வாங்கிய மணிக்கூட்டோடு, பன்னிரண்டு தரம் செய்தேன். தொண்ணூற்றைந்தில் சனம் முழுக்க ஒன்றாக ஊரைவிட்டு எழும்பிய நாள்வரை அந்த இருபத்துமூன்று வீடும் நின்றன. பிறகு மழையும் கறையானும் எடுத்திருக்கும். மட்டைதானே, மண்ணோடு போய்விடும், அதுதான் அதன் நல்ல குணம். பிள்ளை, அதை நீர் திரையில் சரியாகவே சொன்னீர்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைய பகலைப் பற்றி. சின்னராசா அண்ணை ஓட்டையை இரண்டு வெள்ளைக்கல்லால் அடைத்துப் பூசினார். சனம் கலைந்தது. அக்கா தன் மனுசனையும் மூன்று பிள்ளைகளையும் உள்ளே வரச் சொல்லி, எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். தகரக் கதவு. உள்ளே கொண்டி போடும் சத்தம் கேட்டது.

நாங்கள் வேலிக்கரையில் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தோம். அப்போது உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. ஒரு வருடமாகக் காதுக்குள் கதைத்த குரல், முழுத் தொண்டையோடு.

"மோரை ஊத்தினான் பாத்தியளே? முழு வாளி மோர். மூண்டு வீடு ஏறி இறங்கி வாங்கின பால். உவனுக்கு ஆர் உத்தியோகம் குடுத்தது? வாயைப் பார், வாயை. கொள்ளி வைச்சாலும் எரியாதாம்."

"மெல்லக் கதையப்பா," என்றது மனுசனின் குரல்.

"ஏன் மெல்லக் கதைக்கவேணும்? என்ரை வீடு."

மூன்று பிள்ளைகளும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஓலைக்கூரைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்து விழுந்தது. என் நடையைப்போல் நடந்து காட்டினாள் போலும் ஒருத்தி, சிரிப்பு இன்னும் கூடியது. நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாசல் பக்கம் திரும்பினேன்.

சேர் என் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தார்.

"கேட்டதா காட்டாதையும், ஐசே," என்றார். "அவைக்கு இப்ப சுவர் இருக்கு."